ஈயம் ஆறும் முன் இழுத்தது

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருக்கும், முன்னது பின்னதாக வரும், பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். ஆரணியிலிருந்து சேவூர் போகிற வழியில் ஒரு மாடியில் எமர்ஜென்சி லைட் செய்கிற கம்பெனி வந்தது. பொம்பளைகள் ஏழெட்டுப் பேரை எடுத்தார்கள். தறி வீட்டிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு நூல் முடிகிற இடத்தில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கிற வேலை எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் முறுக்கி, ஒரு சுண்டு சுண்டி இழுத்துப் பார்க்க வேண்டும். நின்றால் அடுத்த இழை.

"பட்டு இழை புடிச்ச கை. இவங்களுக்குச் சொல்லித்தரவே வாணாம்" என்று சூப்பர்வைசர் முதல் நாளே எல்லார் முன்னாலும் சொன்னார். கூச்சத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

சின்னச் சின்ன சாமான்களின் கம்பிக் கால்களை போர்டின் ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் ஈயம் வைத்து, அயர்ன் என்கிற சூட்டுக்கோலால் பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"மொதல்ல காலைச் சூடு பண்ணுங்க, அப்புறம் ஈயத்தைக் காட்டுங்க. அது தானா ஓடி ஒக்காரும். அயர்ன எடுத்தப்புறம் அஞ்சு எண்ணுற வரைக்கும் எதையும் தொடக் கூடாது" என்றார் சூப்பர்வைசர். இரண்டு நாள் விரலெல்லாம் கொப்புளம். புகை கண்ணில் ஏறும், ஈயம் ஆறிவிடும் என்று ஃபேன் போட விடமாட்டார்கள். மூன்றாம் நாள் ஈயம் எனக்குப் பளபளவென்று கூம்பாக உட்கார்ந்தது.

அந்த அஞ்சு எண்ணுவதுதான் என்னால் ஆகவில்லை. ஈயம் நின்றதுமே இடது கை தன்னால் போய் அந்தக் காலை ஒரு சுண்டு சுண்டிவிடும். நின்றால் அடுத்தது.

பக்கத்து நாற்காலிக்காரிக்குப் பெரணமல்லூர் பக்கம். புருஷன் அடி தாங்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஆரணியில் ஓர் அறை எடுத்து இருந்தாள். வாய் ஓயாது.

"யக்கா, இன்னாத்துக்கு ஒவ்வொண்ணா இழுக்கற? சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி பாத்துகினு கீற!"

"கை பழகிப்போச்சு."

"அந்தாளு பாத்தா கத்துவான். நான் சொல்ல மாட்டேன் போ. இந்த வேலை மட்டும் இல்லன்னு வையி, நான் திரும்ப அந்தக் குடிகாரன் வூட்லதான் போய் நிக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

மழைக்காலம் முடிகையில் லைட்டுகள் திரும்பி வந்தன. கடையில் எரிந்தவை வீட்டுக்குப் போய் அணைந்துவிட்டன. சூப்பர்வைசர் ஒரு போர்டை எங்கள் மேசைமேல் போட்டு, ஒரு காலை நகத்தால் அசைத்தார். ஈயத்துக்குள்ளே கால் தனியாக ஆடியது. சுற்றிலும் மயிரிழை போல விரிசல். எங்கள் இருவர் போர்டும் ஒரே தட்டில் போகும், எது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

"பேசிகினே வேலை செஞ்சா இப்படித்தான். நாளையிலேர்ந்து நீ வராத" என்று அவளிடம் சொன்னார். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் போர்டைப் பார்த்தேன். பற்றவைத்தபின் மிஞ்சுகிற கம்பிக் கால்களை அவள் கொஞ்சம் விட்டு நறுக்குவாள். நான் ஒட்ட நறுக்குவேன், நுனி துருத்தினால் எனக்குக் கூசும். அந்தப் போர்டில் கால்கள் ஒட்ட நறுக்கியிருந்தன.

"நான் இல்ல சார்" என்று இரண்டு தரம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன். ஆம்பளைகள் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது கூச்சம் இல்லை. என் வேலை போய்விடும் என்ற பயம். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். அந்த வாரமே அறையைக் காலி செய்து புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

மறுநாளிலிருந்து நான் அஞ்சு எண்ணினேன். அதன்பிறகு செய்த லைட்டுகள் திரும்பி வரவில்லை. "பாத்தீங்களா, அவ போனா, கம்ப்ளைண்டும் போச்சு" என்றார் சூப்பர்வைசர். நான் குனிந்து அடுத்த காலுக்கு அஞ்சு எண்ணினேன்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். முன்பல் இரண்டு இல்லை.

"இன்னாக்கா, இன்னும் இழுத்துப் பாத்துகினுதான் கீறியா?" என்று தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மகளைப் பதினாறிலேயே கட்டிக் கொடுத்துவிட்டார்களாம்.

"அன்னிக்கு அந்த போர்டு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும், வுடுக்கா. பஸ்சு வந்துட்ச்சு." ஏறிவிட்டாள். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கால்கள் ஒட்ட நறுக்கியிருந்ததில் எனக்கு மறதி இல்லை. மற்றதில், வருஷம் சரியா, எண்ணச் சொன்னது அஞ்சா பத்தா, ஈயம் ஆறுவதற்குள் இழுத்தால் அப்படித்தான் விரிசல் விடுமா என்பதை, இந்த வேலை தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொடுங்கள்.