ரத்னாவும் கழுத்தால் மூச்சுவிட்டவரும்

ரத்னாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க வராது. நர்ஸ் படிப்பில் அதற்காகவே இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி புதுமாதிரிப் பை வைத்திருந்தால், அதை யார் பின்னியது, எதனால் பின்னியது என்று தெரிந்துகொண்டுதான் இறங்குவாள். வடபழனியில் வீடு, மயிலாப்பூரில் பன்னிரண்டு கட்டில்கள் கொண்ட ஒரு நர்ஸிங் ஹோமில் வேலை.

அறுபத்தெட்டாம் வருஷ ஐப்பசி மழையோடு ஹாங்காங் ஜுரமும் ஊருக்குள் வந்தது. கட்டில்கள் நிரம்பி, தாழ்வாரத்திலும் பாய் விரித்தார்கள். அப்படி ஒரு காலையில்தான் தி. நகர் ஜவுளிக்கடையில் புடவை விற்கும் அய்யாதுரையை அவர் மனைவி தங்கம் டாக்ஸியில் கொண்டுவந்தாள். காய்ச்சல் நூற்றுமூன்று. கழுத்தில் மெல்லிய துணி தொங்கியது. தொண்டையில் புற்று வந்து, எட்டு மாதத்துக்கு முன் குரல்வளையை எடுத்துவிட்டார்களாம்.

டாக்டர் சுந்தரராமன் நாற்பது பேருக்கு நடுவே நின்றிருந்தார். இவரால் பேச முடியாது என்ற அளவில் விஷயத்தை வாங்கிக்கொண்டு, ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார். ரத்னா மூக்கின்மேல் மூடியை வைத்தாள். நகத்தின் நீலம் மாறவில்லை.

“நர்ஸம்மா, அவுக மூச்சு விடுறது கழுத்து வழியால்லா,” என்றாள் தங்கம். “மூக்குல வச்சா எப்படிப் போவும்?”

ரத்னா துணியை விலக்கினாள். காறை எலும்புகளுக்குச் சற்று மேலே, நாலணா அகலத்துக்கு ஒரு துளை. உடனே மூடியை அங்கே மாற்றினாள். அது சரியாகப் பொருந்தாமல் காற்று ஒழுகியது. மருந்து ஊற்றும் கண்ணாடிப் புனலைக் குழாயில் செருகிப் பிடித்தாள். சிறிது நேரத்தில் நகங்களின் நீலம் மறைந்தது. அதற்குப் பிறகும் அவளுக்கு மனம் ஆறவில்லை. கைப்பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து அவர் மூக்கடியில் காட்டினாள்; தெளிவாகவே இருந்தது. கழுத்தருகே கொண்டுபோனதும் ஆவி படர்ந்தது.

“இவரு மூக்குக்கும் நுரையீரலுக்கும் சம்பந்தமே இல்ல சார்,” என்று டாக்டரை அழைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியை வாங்கித் தானும் ஒருமுறை வைத்துப் பார்த்தார். பிறகு போய், அறுவை நடந்த அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டு வந்தார். காற்றை ஈரமாக்கி உள்ளே அனுப்புவது மூக்கின் வேலை. இவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டதால் வறண்ட காற்று நேரே இறங்கிச் சளியைக் கட்டியாக்கும். நீராவி கழுத்துக்குப் படவேண்டும். உப்புநீர் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். சளியைக் குழாயால் உறிஞ்ச வேண்டும்.

எல்லாம் செய்தும், மூன்றாம் நாள் மத்தியானம் அய்யாதுரை திடீரென்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. காற்றின் சத்தமே இல்லை. ரத்னா விளக்கை இழுத்துத் துளைக்குள் பார்த்தாள். உள்ளே பழுப்பாக ஏதோ அடைத்திருந்தது. உப்புநீர் விட்டு, இடுக்கியால் மெல்ல அசைத்து இழுத்தாள். காய்ந்த சளிக்கட்டி ஒன்று வந்து விழுந்தது. அவர் பலமாக இருமினார். தங்கம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.  ரத்னா கட்டியை எறியுமுன் தன் சுண்டுவிரல் நுனியோடு வைத்து அளந்து பார்த்தாள்.

அந்த இருமலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இருமும்போதெல்லாம் அவர் மரியாதையாக வாயைப் பொத்திக்கொண்டார். சளி தெறித்ததோ கழுத்திலிருந்து.

“வாயை எதுக்கு மூடுறீங்க அண்ணாச்சி?”

அவர் தங்கத்திடமிருந்து நோட்டை வாங்கி எழுதினார்: ‘நாற்பது வருஷப் பழக்கம். வாய்க்கு இன்னும் விஷயம் தெரியாது.’

சிரித்துவிட்டாள். உடனே நாலாக மடித்த ஈரத்துணியைக் கழுத்தில் கட்டிவிட்டு, கட்டிலை மற்றவர்களைவிட்டு ஜன்னலோரம் தள்ளினாள். ஆனால் அந்தக் கழுத்துக்கு நேரேதான் அவள் மூன்று நாளாகக் குனிந்து நின்றிருந்தாள். அதற்கு இரண்டாம் நாள் அவளுக்கே ஜுரம் கண்டது. ஒன்பது நாள் வடபழனியில் படுத்துக்கிடந்தாள். தேறித் திரும்பியபோது அய்யாதுரை குணமாகி வீட்டுக்குப் போயிருந்தார்.

தை பிறந்ததும் அவர் வேலை பார்க்கும் கடைக்குப் போனாள். பேசாமலேயே புடவைகளை விரித்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் ஓய்ந்ததும் அவள் கேள்விகளை ஆரம்பித்தாள்; அவர் பென்சிலால் பதில் எழுதினார். மல்லிகை வாசனை தெரியுமா? அநேகமாக இல்லை. குளிக்கும்போது? துளைக்குள் தண்ணீர் போகாமல் துண்டு கட்டிக்கொள்வார். தும்மல் வந்தால் எந்தப் பக்கம் வரும்?

பென்சில் நின்றது. அவரும் அதைக் கவனித்ததில்லை. அடுத்த தும்மலில் பார்த்துச் சொல்வதாக எழுதிக் கொடுத்தார்.