விண்மீனுக்காகப் போட்ட மொட்டை

என் ஆராய்ச்சி முடிந்தால் மொட்டை போடுவதாக என் அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, திருத்தணி முருகனுக்கு வேண்டியிருந்தார். ஆடிக் கிருத்திகையன்று மலையேறிப் போனால், மழித்த தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையில் எனக்கும் இடம் பிடித்து நிற்கிறார்.

"இன்னும் முடியவே இல்லியே நைனா."

"ஆங், தெரியும். முன்னாடியே குடுத்துட்டா சாமிக்கு வேற வழியில்ல பாரு."

நான் ஆராய்வது ஒரு நியூட்ரான் விண்மீன். ஒரு நகரத்தின் அளவுதான் இருக்கும். பக்கத்து விண்மீனை உறிஞ்சியே பிழைப்பு நடத்துகிறது. உறிஞ்சியது காந்தப்புலத்தின் வாசலில் தேங்கி, திடீரென்று உள்ளே கொட்டும்போது எக்ஸ் கதிர் வெடித்துக் கிளம்பும். என் தரவில் ஒரு வினோதம்: பெரிதாக வெடித்தால் அப்புறம் நீண்ட மௌனம், சிறிதாக வெடித்தால் சீக்கிரமே அடுத்தது. பேராசிரியர் நம்பவில்லை. "கருவிக் கோளாறா இருக்கும்மா. இன்னிக்கு வர்ற தரவுலயும் இப்படியே இருந்தா ஒத்துக்கறேன்" என்றார். போன தரவு ஒரு பெரிய வெடிப்போடு முடிந்திருந்தது. அதனால் இன்றைக்கு அந்த விண்மீன் வெகுநேரம் சும்மா கிடக்க வேண்டும்.

அத்தனை வேண்டுதல்கள் ஏறிவரும் மலையில், ஒன்றும் நடக்கக்கூடாது என்று வேண்டியவள் நான் ஒருத்திதான்.

போலீஸ்காரர் கயிற்றைத் தளர்த்தினார். பெருங்கூட்டம் திபுதிபுவென்று உள்ளே போனது. கயிறு எங்கள் மூக்குக்கு முன்னால் மறுபடி இறுகியது.

"இதான் நைனா என் நட்சத்திரம். பெருசா உட்டாச்சு, இனிமே லேசுல உடாது."

"அங்கயும் இதே கால்வலிதானா?"

கைபேசி சிணுங்கியது. ஆய்வகத்துத் தோழி வரைபடம் அனுப்பியிருந்தாள். அவசரமாகத் திறந்தேன். நைனாவின் தலையைப் போல வழுவழுவென்று நீண்ட வெறுமை. கடைசியில் குட்டியாக ஒரு வெடிப்பு, உடனே இன்னொன்று.

சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், காவடிக்காரர்களோடு சேர்ந்து அரோகரா போட்டேன். நைனாவைக் கட்டிக்கொண்டதில் சந்தனம் என் கன்னத்தில் அப்பிக்கொண்டது. அதற்குள் பேராசிரியரின் செய்தியும் வந்தது. சத்தமாகப் படித்தேன்: "கோளாறு இல்லை. எழுத ஆரம்பி."

"ஆரம்பிக்கவே இப்பத்தான் சொல்றாரா?" நைனா தலையைத் தடவிக்கொண்டார். "இது வளர்றதுக்குள்ள எழுதிடும்மா. இல்லன்னா நான் வருசா வருசம் மொட்ட அடிச்சிகினே இருக்கணும்."