ஃபாரூக் நானாவின் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்

ஃபாரூக் நானா போய்விட்டார். காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மையவாடி வரை போய், இப்போதுதான் இரத்தோட்டையில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உட்கார முடியவில்லை, எழுந்து நடந்தாலும் சரிப்படவில்லை... அதனால்தான் எழுதுகிறேன்.

மாத்தளை டவுனில் அவரை மிளகு, கிராம்பு வியாபாரியாகத்தான் பலருக்குத் தெரியும். அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் எனக்கு அவர் சரியான ஸ்பீக்கர் பைத்தியம். நானும் அதே பைத்தியம்தான், எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் என்பதால் கொஞ்சம் சின்ன சைஸில்.

முன்ஹாலில் இரண்டு ஜோடி வைத்திருந்தார். ஒன்று ஆள் உயரம், ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்த செகண்ட் ஹேண்ட். மற்றது ஸ்டாண்டில் நிற்கும் சின்ன இங்கிலாந்து ஜோடி.

மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதும் அவர் மனைவி, நான் அக்கா முறையில் கூப்பிடும் ராத்தா, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வாறவங்க எங்க உக்காருவாங்க? ஒரு ஜோடி இருக்கட்டும், ஒண்ண வெளிய போடுங்க."

எதை வைப்பது? அதற்காகத்தான் ஞாயிறுதோறும் நான் பஸ் ஏறியது.

ஸ்பீக்கர்களை மறைத்துப் பெட்ஷீட் கட்டி, எது பாடுகிறது என்று தெரியாமல் கேட்போம். வயரை மாற்றிவிடுவது ராத்தா.

ஒரு நாள் நானா, "இதுல தபேலாவோட தோலே தெரியுது" என்றார். நான், "முந்தினதுல பாடகி மூச்சு விடுறதே கேட்டிச்சு, இதுல எங்க?" என்றேன். தொண்டை வறளச் சண்டை.

ராத்தா எட்டிப் பார்த்து, "நான் வயரத் தொடவே இல்ல. ரெண்டு தரமும் ஒண்ணுதான் பாடிச்சு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

அட போங்க... அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் விழித்த விழி!

அப்புறம் அந்த மிளகு மூட்டை விவகாரம். ஹாலின் பின்சுவர் முழுக்க மூட்டை அடுக்கியிருந்தபோது பெரிய ஜோடி அருமையாகப் பாடியது. நானே ஆடிப்போனேன்.

அடுத்த ஞாயிறு அதே ஸ்பீக்கர், அதே பாட்டு. பேஸ், அந்த அடிச்சத்தம், ஒரே இரைச்சல். பாவம் மனுஷன், ஆம்ப்ளிஃபயரைக் கழற்றினார், கண்டிக்குப் போய்ப் புது வயர் வாங்கி வந்தார். ஒன்றும் சரிவரவில்லை.

நடந்தது என்ன? நடுவில் மூட்டைகளை விற்று லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். பேஸை உறிஞ்சிக்கொண்டிருந்ததே அந்த மூட்டைகள்தான்!

புதுசாய் மிளகு வந்து அடுக்கியதும் சத்தம் திரும்பிவிட்டது. "இனி முடிவு எடுக்கிற வரைக்கும் ஒரு மூட்டையும் அசையாது தம்பி" என்றார். வியாபாரி பேசுகிற பேச்சா இது?

விலை ஏறியும் நானா விற்கவில்லை. அவருக்கு என்னவோ தகவல் கிடைத்திருக்கிறது என்று மற்ற வியாபாரிகளும் தங்கள் மிளகைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். காரணம் தபேலா என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் எப்போதும் சின்ன ஜோடி கட்சி. நானா எந்தக் கட்சி என்று கடைசி வரை பிடிகொடுக்கவில்லை. "இன்னும் ஒருக்கா கேப்போம்", அவ்வளவுதான். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

வியாழக்கிழமை போன். "முடிவு பண்ணிட்டேன் தம்பி. ஞாயித்துக்கிழமை வாங்க, சொல்றேன்."

"இப்பவே சொல்லுங்களேன் நானா."

"சத்தத்தப் பத்தி போன்ல பேசுறதா? சும்மா வைங்க."

இன்று சனி.

தலை வெடிக்கிறது. மனுஷனைப் புதைத்த அன்றைக்கு, எந்த ஜோடி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேனே... ஆனாலும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

மையவாடியிலிருந்து திரும்பும்போது நானாவின் மூத்த மகன் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனான்.

"அங்கிள், உம்மா கேக்கச் சொன்னாங்க. வாப்பா எந்த ஜோடிய வைக்கணும்னு சொன்னாரு? எங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. உங்களுக்குத்தான் தெரியும்னு உம்மா சொல்றாங்க."

"என்கிட்டயும் சொல்லலப்பா."

அவன் கையை விடவில்லை. "அப்ப நீங்களே சொல்லுங்க அங்கிள். நீங்க சொல்றதத்தான் வைப்போம்" என்றான்.

சின்னதுதான், சின்னதுதான் என்று இத்தனை காலம் கத்தியவன் நான்.

"இன்னொரு நாளைக்கு வந்து, ரெண்டையும் இன்னும் ஒருக்கா கேட்டுட்டுச் சொல்றேன்" என்று பஸ் ஏறிவிட்டேன்.

நல்லபடியாப் போங்க நானா.