எல்லோருக்கும் தோன்றக்கூடியது

சாயப்பட்டறை ஆய்வகத்தில் ஒன்பது ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள் அவள். பாலியஸ்டர் துணி வியர்வையை உறிஞ்சாது. அதை காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓட்டி, காஸ்டிக் முழுவதையும் கழுவிய பிறகு, உறிஞ்சவைக்கும் ரசாயனப் பூச்சை, ஃபினிஷை, ஏற்றுவோம். பத்துச் சலவையில் ஃபினிஷ் போய்விடும். ஒருநாள் அவள், கழுவாமலே ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"காஸ்டிக் மேல ஃபினிஷ் நிக்குமா? காலேஜ்ல தூங்கிட்டிருந்தியா கண்ணு?" என்றேன். ஆய்வகமே சிரித்தது.

வேலையை விட்டுப் போய், பல்லடத்தில் ஒரு வாடகை அறையில் ஓராண்டு அதையே செய்து பார்த்தாள். ஐம்பது சலவைக்கும் ஃபினிஷ் நின்றது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தாள். அது கிடைத்துவிட்டால் அவளிடம் அனுமதி வாங்கித்தான் யாரும் அந்த முறையில் துணி ஓட்ட முடியும். எங்கள் முதலாளி எதிர்த்தார்.

அவருடைய வக்கீல் இரண்டு பழைய கட்டுரைகளை என் முன் வைத்தார். ஒன்று காஸ்டிக் பற்றியது, மற்றது ஃபினிஷ் பற்றியது.

"இது ரெண்டையும் படிச்ச, தொழில் தெரிஞ்ச சாதாரண ஆளுக்கு அவங்க செஞ்சது தோணுமா, தோணாதா? அவ்வளவுதாங்க கேள்வி."

"எங்க மேடம் இருவது வருசமா லேப்ல இருக்கறாங்க. தோணாம இருக்குமா?" என்றார் முதலாளி.

விடை தெரிந்த பிறகு படித்ததால் எளிதாகத்தான் இருந்தது. தோன்றும் என்றேன். வக்கீல் அதை என் வாக்குமூலமாக எழுதிக்கொண்டார்.

"அப்ப இதைப் பத்தி லேப்ல எழுதி வச்சது ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

ஆய்வகக் குறிப்பேட்டில் தினமும் எழுதுகிறவள் நான். அவள் கேட்ட அன்றைய பக்கத்தில், தண்ணீரின் சூட்டுக்கும் சாய அளவுக்கும் கீழே, 'கழுவாமல் ஃபினிஷ் பிடிக்காது. வீண் வேலை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. முதலாளிக்குப் பயந்து மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயமெல்லாம் இல்லை. எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. உத்தரவில் என் வாக்குமூலத்தின் ஒரு வரி அப்படியே இருந்தது. அன்று மாலை அவள் அழைத்தாள்.

"ஏனுங்க்கா, எல்லார்த்துக்கும் தோணும்னு எழுதிக் குடுத்திருக்கறீங்க. அப்புறம் எதுக்குங்க அன்னைக்கு அத்தன சிரிப்பு?"

கேட்டுவிட்டு அவளே போனை வைத்தாள்.

இப்போது எங்கள் பட்டறையில் அந்த முறைதான் ஓடுகிறது. புதிதாகச் சேருகிறவர்கள் முதல் நாளே இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னிடம் வருவார்கள்.

"மேடம், கழுவற ஸ்டெப்ப விட்டுட்டாங்களாட்ட இருக்குது?"

"விடல. ஓட்டுங்க."

இதை யார் கண்டுபிடித்தது என்று சிலர் கேட்பார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று சொல்லிவிடுவேன்.