மாமி வீட்டுக்கு நான் அடைச்ச வேலி

காணிக்கதை எண்டால் எனக்குச் சும்மாவே ரத்தம் கொதிக்கும். மொன்ட்ரியாலிலை ஆர் வீட்டுச் சாப்பாட்டிலையும் எல்லைச்சண்டைக் கதை எழும்பினால் சோத்தை வைச்சிட்டு நான் அதுக்குள்ளை இறங்கிவிடுவன். அதை முதலே சொல்லிவைக்கிறன், ஏனெண்டால் இந்தக் கதையிலை பிழை விட்டது நான்தான்.

என்ரை மனிசி இந்தோனேசியாக்காரி. சுலவேசித் தீவின்ரை வடக்கு நுனியிலை, கராம்பும் தென்னையும் நிறைஞ்ச ஒரு மலைக்கிராமம் அவளின்ரை ஊர். மொன்ட்ரியாலின்ரை செயின்ட்-மிஷேலிலை பிரெஞ்சு படிக்கப் போன வகுப்பிலை சந்திச்சனாங்கள். ரெண்டு பேரும் கிறிஸ்தவ வேதக்காரர் எண்டபடியால் எந்தக் கோயிலிலை கட்டுறது எண்ட சண்டை வரேல்லை. என்ரை ஆக்கள் மட்டும் "உலகத்திலை வேறை பெட்டை கிடைக்கேல்லையோ" எண்டு ரெண்டு வருசம் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிஞ்சவை. அவளின்ரை தாய், என்ரை மாமி, அப்பிடியில்லை. என்னைக் காணாமலே, டெலிபோனிலை, "மகன், சாப்பிட்டியோ?" எண்டு கேட்டா. அந்த ஒரு சொல்லுக்காக நான் மாமிக்கு என்னவும் செய்வன்.

ரெண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு, மூத்த மகள் கார்டெரி எண்டுற குழந்தையள் காப்பகத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். தெப்பனர் எண்டுற மூலைக்கடையிலை வாங்கின கோலிங் கார்டிலை மனிசி ஊருக்குக் கதைச்சுக்கொண்டு நிண்டாள். காணிக்காரர் காணியைத் திருப்பிக் கேக்கிறாராம், வரேலுமெண்டால் அடுத்த மாசம் வாங்கோ எண்டு மாமி சொன்னா. அதோடை கார்ட் முடிஞ்சுபோச்சு. பேந்து எடுத்தால் லைன் கிடைக்கேல்லை.

எனக்கு அவ்வளவு போதும். மாமியின்ரை பலகை வீடு அந்தக் காணியிலை நாப்பது வருசமாய் நிக்குது. ஒரு எழுத்தும் இல்லை, வாய்ச்சொல்லுத்தான். மாமா செத்தபிறகு தனிய இருக்கிற கிழவியை எழும்பச் சொல்லுறானோ?

நானும் மனிசியும் பிளேன் மாறி மாறி ரெண்டு நாள், பிறகு வான் ஒண்டிலை குலுங்கிக் குலுங்கி மலையேறி, போய்ச் சேர்ந்த அண்டைக்கே விசாரணையைத் தொடங்கினன். மனிசி தாயோடை கதைச்சிட்டு வந்து சொன்னாள்: காணிக்காரரின்ரை மகனுக்குக் கலியாணம், அவனுக்கு அதிலை வீடு கட்டவேணும். மாமிக்கு அவர் வேறை இடம் குடுக்கிறார். சனிக்கிழமை ஊரே வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அங்கை வைக்கும்.

"வீட்டைத் தூக்கிறதோ? ஆருக்குப் பூச்சுத்திறியள்?"

"இஞ்சை அப்பிடித்தான்."

"வேறை இடத்துக்கு எழுத்து இருக்கோ?"

"இல்லை."

"அப்ப இது சுத்துமாத்து" எண்டன். அவள் பெருமூச்சு விட்டிட்டுப் படுக்கப் போயிட்டாள்.

அடுத்த நாள் காலமை தாயும் மகளும் சந்தைக்குப் போச்சினம். நான் சந்திக் கடையிலை முட்கம்பி ஒரு சுருள் வாங்கினன். அங்கையும் வேலிக்கு நடுற சீமைக்கிளுவை மரம் நிக்குது, யாழ்ப்பாணத்தானுக்கு வேறை என்ன வேணும்? கதியால் வெட்டி, நட்டு, கம்பி இழுத்து, மத்தியானத்துக்கிடையிலை மாமியின்ரை வீட்டைச் சுத்தி நாலு பக்கமும் வேலி அடைச்சு முடிச்சிட்டன். ஊர்ச்சனம் ஊத்துத் தண்ணிக்குப் போற ஒற்றையடிப் பாதை அந்த முற்றத்துக்குள்ளாலைதான் போகுது. அதையும் சேர்த்து அடைச்சன். அந்த ஊரிலை அதுக்கு முதல் ஒரு வேலியும் இல்லை எண்டது அப்ப எனக்குக் கண்ணிலை படேல்லை. வாளியோடை வந்த பொம்பிளையள் கம்பியைப் பாத்திட்டு, என்னைப் பாத்திட்டு, தோட்டத்தைச் சுத்திக்கொண்டு போச்சினம். ஒருத்தரும் ஏசேல்லை. ஏசியிருந்தால் நானும் நாலு குடுத்திருப்பன்.

மாமி சந்தைப் பையோடை வந்தா. தன்ரை வீட்டுக்கு வெளியிலை நிண்டு, கம்பி நீளத்துக்கு ஒருக்கா நடந்து பாத்தா. பிறகு மெல்லமாய்க் கேட்டா, "மகன், எந்தப் பக்கத்தாலை உள்ளை வாறது?"

கோவத்திலை நான் படலை வைக்க மறந்துபோனன்.

மனிசி பொரிஞ்சு தள்ளினாள். "உங்கடை காணி போனதுக்கு என்ரை ஊரையோ அடைக்கிறியள்?" எண்டாள். உண்மை அதுதானே. யாழ்ப்பாணத்திலை எங்கடை வளவு ஆமிக் காம்புக்குள்ளை போய்க் கனகாலம். காணி உறுதி மட்டும் மொன்ட்ரியால்-நோர் வீட்டு அலுமாரியிலை பிளாஸ்ரிக் பையுக்குள்ளை கிடக்குது. அரசாங்க முத்திரை குத்தின எழுத்து என்னட்டை இருக்கு, நிக்க ஒரு அடி மண் இல்லை. மாமியிட்டை ஒரு துண்டுக் கடுதாசி இல்லை, நாப்பது வருசம் நிம்மதியாய் நித்திரை கொண்டிருக்கிறா.

பேந்துதான் மனிசி மற்ற விசயத்தைச் சொன்னாள். வீட்டைத் தூக்க நூறு ஆம்பிளையள் வேணும். கூலிக்கு ஆள் பிடிக்கேலாது, மனம் இருந்தால்தான் வருவினம். வராட்டி வீட்டைப் பிரிக்கவேணும். உக்கல் பலகை, பிரிச்சால் திரும்பப் பொருந்தாது, விறகுதான். மாமா கையாலை அரிஞ்ச பலகை.

அண்டைக்குப் பின்னேரமே வேலியைப் பிடுங்கினன். முள்ளுக்கீறலோடை காணிக்காரரிட்டைப் போய், அவையின்ரை பாசையிலை எனக்குத் தெரிஞ்ச நாலு சொல்லை வைச்சு, நான் செய்தது பிழை, மன்னியுங்கோ எண்டன். மெலிஞ்ச மனிசன், என்னிலும் பத்து வயசு கூட இருக்கும். கேட்டார், தலையை ஆட்டினார், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போயிட்டார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் எண்டு ரெண்டு நாள் மண்டையைப் போட்டு உடைச்சன்.

சனிக்கிழமை விடிய மாமி நூறு பேருக்குச் சோறு வைச்சா. பண்டி இறைச்சி, மீன், நாக்கு எரியிற சம்பல். "ஒருத்தரும் வராட்டி?" எண்டு கேட்டன். "வெங்காயத்தை உரி" எண்டா.

ஊரைக் கூப்பிட ஆரோ மூங்கில் கட்டையிலை மூண்டு தரம் தட்டிச்சினம். முற்றம் வெறிச்சுப்போய்க் கிடந்தது. ஒரு நாய்தான் வந்தது. என்ரை ஆண்டவரே, மாமியின்ரை கூரையை நான் தின்னிட்டனே எண்டு முணுமுணுத்தன்.

அப்ப அந்த ஒற்றையடிப் பாதையாலை, ஒரு நீட்டு மூங்கிலைத் தோளிலை வைச்சுக்கொண்டு காணிக்காரர் வந்தார். அவருக்குப் பின்னாலை மகன். அதுக்குப் பின்னாலை ஊர். வந்தவை வந்தவை, எண்ணி முடியேல்லை. வேலியைப் பற்றி ஒரு கதையும் இல்லை. மூங்கிலுகளை வீட்டுத் தூணுகளிலை குறுக்கும் நெடுக்குமாய்க் கட்டிச்சினம். நான் ஒதுங்கி நிண்டன். காணிக்காரர் வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுத்து, தனக்கு முன்னாலை நிப்பாட்டி, தன்ரை துவாயை மடிச்சு என்ரை தோளிலை வைச்சார்.

ஒரு சத்தம் போட்டிச்சினம். வீடு எழும்பிச்சுது. உண்மையாய், முழு வீடும், கூரையோடை, சுவரிலை ஓடிக்கொண்டிருந்த மணிக்கூட்டோடை. தோள் விண் விண் எண்டுது. ஆனால் பாரம் நான் நினைச்ச அளவு இல்லை, ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம்தான் வந்தது. தென்னையளுக்கிடையாலை போனம். மாமி தன்ரை சேவலைக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு முன்னுக்கு நடந்தா. ரோட்டுக்கரையிலை, ஊத்துக்குக் கிட்ட, காணிக்காரரின்ரை வளவிலையே நல்ல துண்டிலை இறக்கிவைச்சம். அப்ப நான் அழுதது எல்லாருக்கும் தெரியும். மறைக்கேலாது, ரெண்டு கையும் மூங்கிலிலை.

சாப்பாட்டுக்கு எல்லாரும் நிலத்திலை இருந்தம். கள்ளும் வந்தது, எங்கடை பனங்கள்ளுக்குக் கிட்டத்தட்ட. காணிக்காரர் எனக்குப் பக்கத்திலை இருந்து என்னவோ கேட்டார். மனிசி சொன்னாள், "மொன்ட்ரியாலிலை நீங்கள் வீடு மாறேக்கை எத்தினை பேர் வாறவை எண்டு கேக்கிறார்."

யோசிச்சுப் பாத்தன். ஜூலை முதலாம் திகதி, நகரமே வீடு மாறுற நாள், வாடகை ட்ரக், மூண்டாம் மாடிப் படியிலை நானும் மனிசியும் பிரிட்ஜோடை.

"நாங்கள் ரெண்டு பேரும்தான்" எண்டன்.

அந்த மனிசன் கோப்பையைக் கீழை வைச்சிட்டு என்னைப் பாத்தார். கண்ணிலை அவ்வளவு இரக்கம். பிறகு மனிசியிட்டை ரெண்டு சொல்லுச் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னவாம்?"

"அடுத்த முறை வீடு மாறுற நாளைச் சொல்லிவிடட்டாம். வருவினமாம்."

அவர் அதைப் பகிடிக்குச் சொல்லேல்லை.