மாலுமி வைரனின் கொடி பறந்த திசை

மாலுமி வைரனுக்குக் கருவாட்டு மணம். மற்ற ஊர்ப் பிள்ளைகளின் சித்திரக்கதை நாயகர்கள் அச்சுமை மணத்தோடும் புதுத்தாள் மணத்தோடும் வந்திருக்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த வைரன் ஒவ்வொரு முறையும் நெத்தலிக் கருவாட்டு மணத்தோடுதான் வந்தான். காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. திருகோணமலைச் சந்தைப் பக்கம் சின்னராசா மாமா நடத்திய கடையில் முன்பக்கம் பத்திரிகைகளும் வார இதழ்களும் கயிற்றில் தொங்கும். பின்பக்கம் சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து வரும் கருவாட்டுச் சாக்குகள் அடுக்கியிருக்கும். இந்தியாவில் அச்சாகிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸின் கூரையில் ஏறி ஊர் சேரும் புத்தகப் பொதியை அவர் அந்தச் சாக்குகளின் மேல்தான் போட்டுவைப்பார். ஆகவே புத்தகம் கைக்கு வந்ததும் நானும் அண்ணாவும் செய்கிற முதல் வேலை அதைத் திறப்பதல்ல. முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கயிற்றில் தொங்கவிட்டு "வெயில் காட்டுவது".

"சீலை காயப்போட இடமில்லை, இவைக்குப் புத்தகம் காயுது," என்று அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்துச் சொல்லுவார். ஆனால் அந்தக் கயிற்றிலிருந்து புத்தகத்தை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. பக்கத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கிச் சீலையைப் போட்டுவிட்டுப் போவார்.

வைரன் ஒரு கப்பல் மாலுமி. கடற்கொள்ளையரைப் பிடிப்பான், மூழ்கிய பெட்டிகளை எடுப்பான், சுறாவோடு மல்லுக்கட்டுவான். அலுத்துப்போனால் கப்பலின் முனையில் நின்று தலைமயிர் பறக்கத் தூரத்தைப் பார்ப்பான். கதை சுமார்தான். அதை இப்போதல்ல, அப்போதே அறிவோம். பிறகு ஏன் அவனுக்காகச் சின்னராசா மாமாவின் கடை வாசலில் தவம் கிடந்தோம் என்றால், அவனை வரைந்த புண்ணியவான் கடலைக் கண்ணால் கண்டவரல்லர் என்பதற்காகத்தான்.

எங்கள் வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் இருந்தது. மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்கள் விரிகுடாவில் நங்கூரமிட்டுக் கிடப்பதை மதிலில் ஏறினால் பார்க்கலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அவை எல்லாம் ஒரு பக்கம் முகம் காட்டி நிற்கும். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று தொடங்கினால் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ, புகையும் அந்தப் பக்கம்தான் போகும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரியும். வைரனின் கப்பலிலோ கொடி முன்னால் பறக்கும், புகை பின்னால் போகும். நங்கூரம் கடலடியில் கிடக்கும்போதே கப்பல் கொள்ளையரைத் துரத்திக்கொண்டு பாயும். ஒருமுறை கப்பலின் வட்ட யன்னல் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. வைரன் அதைத் திறந்து காற்று வாங்கினான்.

இப்படித்தான் "பிழை பிடிக்கிறது" என்ற எங்கள் விளையாட்டுத் தொடங்கியது. புத்தகத்தின் வாடை போனபிறகு இருவரும் தரையில் குப்புறப் படுத்து, தலையோடு தலை முட்டப் பக்கம் பக்கமாகத் தேடுவோம். கண்டுபிடித்தவர் பிழையைச் சொல்லவேண்டும். மற்றவர் அதைப் பார்த்து "ஓம்" என்று ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அது பிழையல்ல. அந்த இதழின் ஆகப் பெரிய பிழையைப் பிடித்தவருக்குத்தான் புத்தகம். அலுமாரியில் அவருடைய பக்கத்துத் தட்டில் அது போய்ச் சேரும். அண்ணா இன்னொரு படி மேலே போய், பென்சிலால் படத்தைத் திருத்தவும் செய்வார். அந்தச் சொரசொரத் தாளில் பென்சில் நன்றாகப் பிடிக்கும். கொடியை அழித்து மறுபக்கம் பறக்கவிடுவார், நங்கூரத்தை மேலே தூக்கிவிடுவார். "படத்திலை பிழை பிடிக்கிறவைக்குத் தங்கடை கணக்கிலை பிழை வாறது தெரியேல்லை," என்பது எங்கள் பள்ளிக்கூட அறிக்கை வரும் நாட்களில் அம்மா சொல்லும் வசனம்.

ஒரே ஓர் இதழில் மட்டும் விளையாட்டு முடியாமலே போயிற்று. வைரனின் கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்ட துரோகி யார் என்பது கடைசிப் பக்கத்தில் தெரியவேண்டும். புத்தகம் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. தெருப் படலை திறந்து கிடந்தது. எங்கள் ஊரில் மான்கள் மாடுகள் மாதிரித் தெருவில் திரியும், கடதாசி கண்டால் விடா. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஒரு பெரிய கொம்பன் கடைசிப் பக்கத்தை அமைதியாக மென்றுகொண்டு நின்றது. சின்னராசா மாமாவிடம் வேறு பிரதி இல்லை. சண்டையால் பாதை பூட்டியிருந்த காலம், அடுத்த பொதி எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. சமையற்காரன்தான் துரோகி என்று அண்ணா நின்றார். கப்பல் வைத்தியர்தான் என்று நான் நின்றேன். பல வருடங்கள் அப்படியே நின்றோம்.

எங்கள் தெருவில் வைரனைச் சேர்த்த பிள்ளைகள் வேறும் இருந்தார்கள், ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருவருக்குக் கிரிக்கெட் வந்தது, இன்னொருவருக்குப் பள்ளிச் சோதனை வந்தது, ஒருத்தி வைரன் ஒரு கதையில் கலியாணம் கட்டியதோடு கோபித்துக்கொண்டு விட்டாள். சின்னராசா மாமாவிடம் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. "பெடியள் மீசை வந்தால் நிப்பாட்டுவினம். பெட்டையள் ஏன் நிப்பாட்டினம் எண்டு எனக்கு விளங்கேல்லை, நானும் கேக்கிறேல்லை," என்பார். அண்ணாவுக்கு மீசை வந்தது, அவர் நிறுத்தவில்லை. பெட்டையான நானும் நிறுத்தவில்லை. நாங்கள் நிறுத்தவே மாட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிறகு அண்ணா வேலைக்குக் கட்டாருக்குப் போனார். அப்பா முந்தியே காலமாகிவிட்டதால் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்போது வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் பேசுவதற்குச் சந்தியில் இருந்த "கொமினிகேசன்" கடைக்குத்தான் போகவேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் அங்கே வாங்கில் போய் உட்கார்ந்திருப்போம். எங்கள் முறை வரும்போது அம்மா முதலில் பேசுவார். சாப்பிட்டியோ, வெயிலோ, காய்ச்சல் கீய்ச்சல் வந்ததோ என்று கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை என்னிடம் தருவார். எனக்கு என்ன கதைப்பதென்று தெரியாது. அண்ணாவுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் அன்பை வாயால் சொல்லிப் பழக்கமில்லை.

"வைரன் வந்தவனோ?" என்று அண்ணா கேட்பார்.

"ஓம், வந்தவன். கிணத்திலை இறங்கிறமாதிரிக் கப்பலிலை ஏணி வைச்சிருக்கு. ஏணிக்கு மேல்நுனியே இல்லை, அண்ணா."

"பொய் சொல்லாதை!"

"சத்தியமாய். ஆகாயத்திலை நிக்குது."

மறுமுனையில் அவர் சிரிக்கும் சத்தம் கேட்கும். பிறகு கதை தானாக ஓடும். ஏணியிலிருந்து அவருடைய முகாம் அறைக்குப் போகும், அறையில் கூட இருக்கிற மலையாளியின் குறட்டைக்குப் போகும், கடைசியில் அழுதுவிடுவாரோ என்று நான் பயப்படுகிற இடம் வரைக்கும் போகும். வைரன் எங்களுக்கு வாசல் மாதிரி. அதால் நுழைந்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் போனோம். ஆகவே அந்தக் காலத்தில் நான் புத்தகம் வாங்கியது வாசிப்பதற்கல்ல, வெள்ளிக்கிழமைக்குத்தான். அலுமாரியில் என் தட்டு நிறைந்தது. அண்ணா தொலைபேசியிலேயே ஒப்புக்கொள்ள, நான் பிடித்த பிழைகளுக்கான புத்தகங்கள் என் பக்கத்தில் உயர்ந்துகொண்டு போயின.

அப்படியிருக்கும்போதுதான் வைரனுக்குப் புது ஓவியர் வந்தார். அட்டையைப் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது, பொய் சொல்லக்கூடாது. அலை அலையாகவே இருந்தது. கயிறுகளின் முடிச்சு ஒவ்வொன்றும் சரி. கொடியும் புகையும் ஒரே பக்கம். நங்கூரம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. முழுப் புத்தகத்தையும் மூன்றாம் முறை புரட்டியும் ஒரு பிழை அகப்படவில்லை. அந்த மனிதர் கடற்கரையில் பிறந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

அந்த வெள்ளி அண்ணா கேட்டார், "வைரன் வந்தவனோ?"

"வந்தவன். பிழை ஒண்டும் இல்லை."

"வடிவாப் பாத்தியா?"

"பாத்தனான்."

கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்டது. "சரி, அப்ப அம்மாவைக் கவனமாப் பார்," என்றார். அடுத்த மாதமும் பிழை இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. இல்லாத பிழையை இட்டுக்கட்டிச் சொல்லிப் பார்த்தேன். நான் பொய் சொல்வது அவருக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் பேச்சு சாப்பாட்டோடும் காய்ச்சலோடும் நின்றது. ஒருநாள் சின்னராசா மாமா புத்தகத்தை எடுத்து நீட்டியபோது, "இனி வேண்டாம் மாமா," என்றேன். சொன்னபடியே அவர் ஏனென்று கேட்கவில்லை.

விலை ஏறியதால் விட்டேன், வயது ஏறியதால் விட்டேன் என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் நம்புவதில்லை. விலையும் வயதும் முதல் நாளிலிருந்தே ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரு தொடரை நாம் தனியாக நேசிப்பதில்லை. யாரோடோ தலை முட்டிக்கொண்டுதான் நேசிக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒன்று அந்தப் படத்தில் குறைவாக இருந்தது, அந்தக் குறையில் நாங்கள் இருவரும் உட்கார இடமிருந்தது. முழுமையாக வந்த வைரன் நல்ல வைரன்தான். அவனுக்கு நாங்கள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நான் அதே ஊரில், லிங்கநகரில் இருக்கிறேன். கலியாணம், பிள்ளை, வேலை எல்லாம் ஆகிவிட்டது. அம்மா என்னோடு இருக்கிறார். பழைய அலுமாரியைக் கறையான் அரித்துவிட்டது. என் தட்டு, அண்ணாவின் தட்டு என்று அது பார்க்கவில்லை. சின்னராசா மாமாவின் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிறார்கள். அண்ணா இன்னும் கட்டாரில்தான், மனைவி பிள்ளைகளோடு. முகம் பார்த்துப் பேசும் வசதி வந்தபிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறோம்.

அண்மையில் பழைய வைரன் கதைகளை ஒரே தொகுப்பாக, வண்ணத்தில், தடித்த அட்டை போட்டு விற்கிறார்கள் என்று அறிந்து ஒன்றை வரவழைத்தேன். மான் தின்ற பக்கம் அதில் இருக்குமே. அண்ணா விடுமுறைக்குத் தனியாக வந்திருந்த சமயம் அது வந்து சேர்ந்தது. பின்னேரத் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருந்து உறையைப் பிரித்தோம். முதல் வேலையாகத் துரோகியைத் தேடினோம். சமையற்காரனும் இல்லை, வைத்தியரும் இல்லை. முன்னர் ஒரே ஒரு படத்தில் தலை காட்டிய யாரோ ஒரு படகுக்காரன்.

"இது என்ன கதை!" என்றார் அண்ணா. "அந்த மான் செய்தது சரி."

அதன்பிறகு அவர் மெல்லப் பக்கங்களைப் புரட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கிட்டப் பிடித்தார். என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். வாய்விட்டுக் கேட்கப் பயமாக இருந்தது. பதிப்பித்தவர்கள் கணினியில் எல்லாவற்றையும் சரிசெய்திருந்தார்கள். யன்னல் மேலே ஏறியிருந்தது. கொடி திரும்பியிருந்தது. ஏணிக்கு மேல்நுனி முளைத்திருந்தது.

"திருத்திப்போட்டாங்கள்," என்றார். முகம் வாடிவிட்டது. பிறகு திடீரென்று, "பிள்ளை, ஒரு பென்சில் தா," என்றார்.

என் மகளின் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சரியான பக்கம் பறந்த கொடியைப் பழையபடி பிழையான பக்கம் பறக்கவிடப் போகிறார் என்பது பென்சிலை அவர் பிடித்த விதத்திலேயே விளங்கியது. அழுத்திக் கீறினார். வழவழத்த தாளில் பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு கோடும் விழவில்லை. நாக்கில் நனைத்து மறுபடி கீறினார். ஏலாது.

அண்ணா பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தத் தாளிலை பென்சில் பிடிக்காது. இதுதான் பிழை," என்றார்.

நான் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று காத்திருந்தார்.

"ஓம்," என்றேன்.

பிழை பிடித்தவருக்குத்தான் புத்தகம். காசு என்னுடையது, ஆசை என்னுடையது, ஆனாலும் சட்டம் சட்டம்தான். அண்ணா அதைத் தன் பயணப்பைக்குள் வைத்தார். அம்மா மருமகளுக்கென்று கட்டிக்கொடுத்த நெத்தலிக் கருவாட்டுப் பொதி அதே பைக்குள் கிடந்தது. புத்தகத்தில் வாடை ஏறும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்ததும் அழைத்தார். அம்மா பேசி முடித்துத் தொலைபேசியை என்னிடம் தந்தார். சாப்பாடு, வெயில் எல்லாம் முடிந்திருந்தது. நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"புத்தகம் நாறுது, பிள்ளை," என்றார். "பல்கனியிலை காயப் போட்டிருக்கிறன்."

"அங்கை காத்து எந்தப் பக்கம், அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் தொலைபேசியோடு எழுந்து பல்கனிக்குப் போய், கயிற்றில் தொங்கிய வைரனை எனக்குக் காட்டிச் சொல்லத் தொடங்கினார்.