சோற்றுப் பொட்டலத்துக்குப் போட்ட கையெழுத்து

விதைக் கம்பெனி அதிகாரியே, நீங்கள் ஒரு விவசாயியின் கையெழுத்தைத் திருடினீர்கள்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தன் வயலில் விளைந்த கத்தரிக்காயைக் கொல்கத்தாவின் கரியாஹாட் சந்தையில் விற்பவர். ஒல்லியான ஆள், கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருப்பார். எடை போடும் முன் ஒரு காயை நறுக்கிக் காட்டுவார். புழு இருந்தால், "இது எங்க வீட்டுக்கு, பாபு" என்று தன் பையில் போட்டுக்கொள்வார்.

மரபணு மாற்றிய கத்தரி விதை பற்றி விவசாயிகளிடம் கருத்துக் கேட்க நீங்கள் கூட்டம் போட்டீர்கள். அவரிடம் காய் வாங்கும் நாங்கள் சிலர் வாசலில் நின்று எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். "வேண்டாம்னு உள்ளே போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று அவர் போனார்.

மதியம் நீங்கள் வெளியே வந்து, நிருபர்களிடம் கையெழுத்துப் பட்டியலைக் காட்டி, எல்லோரும் சம்மதித்துவிட்டதாகச் சொன்னீர்கள். பின்னாலேயே அவர் ஓடி வந்தார்.

"பொய், பாபு! அது சோத்துப் பொட்டலத்துக்குப் போட்ட கையெழுத்து. எங்களைப் பேசவே விடலை!"

நான் தமிழில் திட்டியதைக் கேட்டு என்னிடம் வந்தீர்கள். "நம்ம ஊரா சார்? இவனுக்கு என்ன தெரியும், விடுங்க."

அவர் பிரிக்காத பொட்டலத்தை உங்கள் கார் மேல் வைத்தார். "இந்தாங்க சோறு. என் பேரைத் திருப்பிக் குடுங்க."

விடியற்காலை ரயிலில் வந்தவர். பசியோடுதான் திரும்பிப் போனார். அவருக்கு இருந்த ரோஷம் எனக்கு இருந்திருக்குமா, தெரியவில்லை.

அந்தத் தாளின் தலைப்பில் என்ன எழுதியிருந்தது? பத்திரிகையில் அதை அப்படியே வெளியிட்டுப் பதில் சொல்லுங்கள்.